ஒரே வார்த்தை, வேறு அர்த்தம்: மார்மன் போதனையும் பைபிளும் பிரியும் இடம் எது?

தண்ணீர் இருக்கிறது. முழுக்கு இருக்கிறது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூன்று பெயர்களும் சொல்லப்படுகின்றன. ஆனாலும் அந்த ஞானஸ்நானம் செல்லாது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை.

மார்மன் சபையில் கொடுக்கப்படும் ஞானஸ்நானம் பற்றித்தான் இந்தத் தீர்ப்பு. 2001 ஜூன் 5 தேதியிட்டு வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இதை வெளியிட்டது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் கார்டினல் ஜோசப் ராட்சிங்கர். பின்னாளில் போப் 16ஆம் பெனடிக்ட் ஆனவர் இவர்தான். 'அது செல்லுபடியாகுமா?' என்ற கேள்விக்கு, 'இல்லை' என்பதே பதில்.

சொன்ன வார்த்தை ஒண்ணுதானே, அப்புறம் ஏன் செல்லாது? மார்மன் போதனைக்கும் பைபிளுக்கும் இடையில் கிறிஸ்தவர்கள் பார்க்கும் வித்தியாசம் முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

யார் இந்த மார்மன்கள்?

அமெரிக்காவில் 1805இல் பிறந்த ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய இயக்கம் இது. 1820இல், தனது 14ஆவது வயதில், பிதாவும் இயேசுவும் தனித்தனி ஆட்களாகத் தனக்குக் காட்சி கொடுத்ததாக அவர் சொன்னார். இருக்கிற சபைகள் எதிலும் சேர வேண்டாம் என்று அந்தக் காட்சியில் தனக்குச் சொல்லப்பட்டதாகவும் கூறினார். அதன் பிறகு மொரோனி என்ற தேவதூதர் காட்டிய இடத்தில் தங்கத் தகடுகள் கிடைத்தன, அதில் இருந்ததை மொழிபெயர்த்தேன் என்று அவர் வெளியிட்டதுதான் 'மார்மன் புத்தகம்'. 1830 மார்ச்சில் நியூயார்க் மாகாணத்தில் உள்ள பல்மைரா ஊரில் அது அச்சானது. அடுத்த மாதமே, ஏப்ரல் 6ஆம் தேதி, சபை முறைப்படி தொடங்கப்பட்டது.

1844இல் இல்லினாய்ஸ் மாகாணச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவருக்குப் பின் பெரும்பகுதி மக்களை பிரிகாம் யங் மேற்கே கூட்டிப்போனார். 1847இல் அவர்கள் சென்று சேர்ந்த சால்ட் லேக் பள்ளத்தாக்குதான் இன்றும் தலைமையிடம்.

சபையின் முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. 'மார்மன்' என்ற செல்லப்பெயரைத் தவிர்த்து முழுப்பெயரையே சொல்ல வேண்டும் என்று 2018இல் சபையின் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். ஆனாலும் வெளியே புழக்கத்தில் இருப்பது பழைய பெயர்தான். உலகம் முழுக்க 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் இருப்பதாகச் சபை சொல்கிறது.

வெள்ளைச் சட்டை, கறுப்பு நிறப் பெயர் அட்டை, எப்போதும் இரண்டு இரண்டு பேராக நடந்துவரும் இளைஞர்கள் என்றால் பலருக்கும் அடையாளம் தெரியும். மது, புகையிலை தொடமாட்டார்கள். டீ, காபிகூட கிடையாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. பலதார மணம் செய்பவர்கள் என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது. 1852இல் வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட அந்த வழக்கத்தை 1890இலேயே சபை கைவிட்டுவிட்டது. இன்று அப்படிச் செய்பவர் சபையிலிருந்து நீக்கப்படுவார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'யெகோவாவின் சாட்சிகள்' வேறு, மார்மன்கள் வேறு. இரண்டு தரப்பும் வீடு வீடாக வருவதால் பலர் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு எப்போது வந்தார்கள்?

சமீபத்தில் வந்த சபை என்று நினைத்தால் தவறு. 1853இலேயே மார்மன் போதகர்கள் மெட்ராஸில் இறங்கிவிட்டார்கள். அவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் பாலன்டைன். சால்ட் லேக்கில் 1849இல் மார்மன்களின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் அவர். மெட்ராஸில் துண்டுப் பிரசுரங்கள் அச்சடித்தார், கூட்டம் போட்டார். ஆனால் எடுபடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில்தான் பலதார மணம் பற்றிய அறிவிப்பு வந்திருந்தது. அந்தச் செய்தி அவர்களுக்கு முன்பே ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தது. 1854இல் பாலன்டைன் கப்பலேறிவிட்டார்.

அடுத்த அத்தியாயம் கோயம்புத்தூரில். கைக்குக் கிடைத்த ஒரு பிரசுரத்தைப் படித்து, பல வருடம் கடிதம் எழுதிக் காத்திருந்த பால் திருத்துவதாஸ் என்பவர் 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். 1993இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மிஷன் அமைந்தது. இந்தியாவின் முதல் மார்மன் ஆலயம் பெங்களூரில் வரும் என்று 2018 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2020 டிசம்பரில் வேலை தொடங்கியது. மார்மன் புத்தகம் தமிழிலும் கிடைக்கிறது. இந்திய அளவில் எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் வேலைக்கும் படிப்புக்கும் பெங்களூர், சென்னை, கோவை என்று போகிற பெரம்பலூர், அரியலூர் பிள்ளைகள் இவர்களைச் சந்திக்க வாய்ப்பு அதிகம்.

'இயேசுவை நம்பினால் கிறிஸ்தவர்தானே?'

வெளியே இருந்து பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 'எல்லாரும் இயேசுவைத்தானே கும்பிடுறாங்க, இதுல என்ன சண்டை?'

பெரம்பலூர் மாவட்டத்தின் வடக்கு எல்லையில், வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊர். அங்கே இயேசுவை ஈஸா நபி என்று மரியாதையோடுதான் சொல்வார்கள். அவருடைய தாய் மர்யமின் பெயரிலேயே குர்ஆனில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஆனாலும் முஸ்லிம்களைக் கிறிஸ்தவர்கள் என்று யாரும் சொல்வதில்லை, அவர்களும் சொல்லிக்கொள்வதில்லை. காரணம் எளிது. இயேசுவின் பெயரைச் சொல்வது மட்டும் அளவுகோல் இல்லை. அவர் யார் என்று நம்புகிறோம் என்பதுதான் அளவுகோல்.

நபித்துவம் முகம்மது நபியோடு நிறைவடைந்துவிட்டது என்பது இஸ்லாத்தின் அடிப்படை நம்பிக்கை. அதனால் 'முடிந்துவிட்டது என்று நம்பப்படும் வெளிப்பாட்டுக்குப் பிறகு, புதிதாக ஒருவர் புத்தகத்தோடு வந்தால்' என்ன கேள்வி எழும் என்பது லப்பைக்குடிக்காட்டுக்காரர்களுக்கு விளக்காமலே புரியும். ஜோசப் ஸ்மித் விஷயத்தில் கிறிஸ்தவர்களுக்கு எழும் கேள்வியும் அதே வகைதான்.

கத்தோலிக்கர், சிஎஸ்ஐ, லுத்தரன், ஆர்த்தடாக்ஸ் என்று எத்தனை பிரிவுகள் இருந்தாலும், கி.பி. 325இல் நைசியாவில் கூடிய சங்கத்தின் அறிக்கையில் சொன்ன கடவுளைத்தான் எல்லாரும் நம்புகிறார்கள். மார்மன்கள் அந்த அறிக்கையை ஏற்பதில்லை. அது பிற்கால மனிதர்களின் தத்துவம், பைபிளில் இல்லாதது என்பது அவர்கள் வாதம். சரி, பைபிளை வைத்தே பார்ப்போம் என்று கிறிஸ்தவர்கள் எடுத்து வைக்கும் ஒப்பீடு இது.

1. கடவுள்: படைத்தவரா, வளர்ந்தவரா?

வித்தியாசங்களில் மிகப்பெரியது இது. மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

பைபிளின்படி கடவுள் ஒருவர். உபாகமம் 6:4 அதைச் சொல்கிறது. ஏசாயா 43:10இல் தனக்கு முன்னும் பின்னும் வேறு தெய்வம் உருவாகவில்லை என்று கடவுளே பேசுகிறார். மலைகள் தோன்றுவதற்கு முன்பே அவர் கடவுள் என்கிறது சங்கீதம் 90. கடவுள் ஆவியாக இருக்கிறார் என்று யோவான் 4:24இல் இயேசு சொல்கிறார்.

மார்மன் போதனையில் பிதாவுக்கு மாம்சமும் எலும்பும் கொண்ட உடல் உண்டு. அவர்களின் வேதநூல்களில் ஒன்றான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலின் 130ஆவது பகுதியில் இது இருக்கிறது. 1843இல் ஸ்மித் சொன்னது. அடுத்த வருடம், 1844 ஏப்ரல் 7 அன்று செய்த பிரசங்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். கடவுளும் ஒரு காலத்தில் மனிதராக இருந்தவர்தான், வளர்ந்து இந்த நிலைக்கு வந்தார் என்றார். இந்தப் பிரசங்கம் மார்மன்களின் வேதத்தில் சேர்க்கப்படவில்லை. ஆனால் அவர்கள் சிந்தனையில் அதன் செல்வாக்கு பெரியது.

மார்மன் தரப்புக்கும் வசனங்கள் இருக்கின்றன. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்று ஆதியாகமம் 1:27 சொல்கிறதே, அப்படியென்றால் உருவம் இருக்க வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. சாயல் என்பது உடல் உருவம் இல்லை. அறிவு, அன்பு, நீதி உணர்வு, படைப்பைப் பராமரிக்கும் பொறுப்பு ஆகியவைதான் என்பது கிறிஸ்தவர்களின் பதில்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, 1830இல் வந்த மார்மன் புத்தகத்திலேயே 'மொரோனி' 8:18இல் கடவுள் நித்தியம் முதல் நித்தியம் வரை மாறாதவர் என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் 'வளர்ந்து கடவுளானவர்' என்ற கருத்து பைபிளோடு மட்டுமல்ல, ஸ்மித்தின் முதல் புத்தகத்தோடும் ஒட்டவில்லையே என்று கேட்கிறார்கள் விமர்சகர்கள்.

2. இயேசு: நித்திய குமாரனா, மூத்த சகோதரனா?

இயேசு கன்னியிடம் பிறந்தார், பாவங்களுக்காக மரித்தார், மூன்றாம் நாள் உயிர்த்தார். இந்த மூன்றையும் மார்மன்கள் நம்புகிறார்கள். இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பிரிவு அதற்குப் பின்னால் தொடங்குகிறது. மார்மன் போதனையில் மனிதர்கள் எல்லாருமே பூமிக்கு வருமுன் பரலோகப் பிதாவின் ஆவிக் குழந்தைகளாக இருந்தவர்கள். அவர்களில் முதலில் பிறந்தவர் இயேசு. அந்த வகையில் அவர் மூத்த சகோதரர். பிறகு சாத்தானாக மாறிய லூசிபரும் அதே ஆவிக் குடும்பத்தில் இருந்து விலகியவன்தான். பிதாவும் இயேசுவும் பரிசுத்த ஆவியும் நோக்கத்தில் ஒன்று, ஆனால் தனித்தனியான மூன்று பேர்.

யோவான் சுவிசேஷத்தின் முதல் மூன்று வசனங்கள் இதற்கு நேர் எதிரானவை என்பது கிறிஸ்தவர்கள் வைக்கும் வாதம். ஆதியிலேயே வார்த்தையானவர் கடவுளாக இருந்தார், உண்டானது எதுவும் அவர் இல்லாமல் உண்டாகவில்லை என்கிறது அந்தப் பகுதி. கொலோசெயர் 1:16 தேவதூதர்களையும் சேர்த்தே அவர்தான் படைத்தார் என்கிறது. படைத்தவரும் படைக்கப்பட்டவனும் அண்ணன் தம்பி ஆக முடியாது.

இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது பிதாவின் குரல் மேலிருந்து கேட்டது, ஆவியானவர் புறாவைப் போல இறங்கினார். மூவரும் தனித்தனி என்பதற்கு இதைத்தான் மார்மன்கள் காட்டுவார்கள். மூன்று 'ஆள்'கள் என்பதைக் கிறிஸ்தவர்களும் மறுக்கவில்லை. மூன்று ஆட்கள், ஆனால் ஒரே இறைத்தன்மை. மூன்று கடவுள்கள் இல்லை. திரியேகம் என்ற சொல்லின் பொருளே அதுதான்.

முதலில் பார்த்த ஞானஸ்நானக் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. மூன்று பெயர்களும் சொல்லப்படுகின்றன. ஆனால் அந்தப் பெயர்கள் குறிப்பது வேறு வேறு. அதனால்தான் சொன்ன வார்த்தை சரியாக இருந்தும் அது கிறிஸ்தவ ஞானஸ்நானம் ஆகாது என்றது வத்திக்கான்.

3. வேதம்: ஒன்றா, நான்கா?

மார்மன்களுக்கு வேதநூல்கள் நான்கு. பைபிள், மார்மன் புத்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையேறப்பெற்ற முத்து. பைபிளை ஏற்கிறார்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. சரியாக மொழிபெயர்க்கப்பட்ட அளவுக்குத்தான் அது கடவுளின் வார்த்தை என்கிறது அவர்களின் எட்டாவது விசுவாசப் பிரமாணம். மற்ற மூன்று நூல்களுக்கும் உயர்ந்த இடம் உண்டு என்பதால், முரண்பாடு வரும்போது விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் பைபிள்தான்.

பைபிள் காலப்போக்கில் கெட்டுப்போனதா? 1947 முதல் சாக்கடல் பகுதிக் குகைகளில் கிடைத்த சுருள்கள் இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் தருகின்றன. அதுவரை கையில் இருந்த எபிரேயப் பிரதிகளைவிட சுமார் ஆயிரம் வருடம் பழைய ஏசாயா சுருள் அங்கே கிடைத்தது. எழுத்து வேறுபாடுகள் நிறைய இருந்தன. ஆனால் போதனையைப் புரட்டிப்போடும் மாற்றம் எதுவும் இல்லை.

மார்மன் புத்தகம் சொல்லும் கதையோ, கிறிஸ்துவுக்கு முன் எருசலேமிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு குடும்பத்தின் வம்சாவளி பற்றியது. அதில் வரும் பெரிய நகரங்கள், போர்கள் எதையும் அமெரிக்கத் தொல்லியல் இதுவரை உறுதிப்படுத்தவில்லை. தகடுகளையும் இன்று யாரும் பார்க்க முடியாது. தேவதூதர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்பது சபையின் விளக்கம்.

இன்னும் கூர்மையான விஷயம் 'ஆபிரகாம் புத்தகம்'. எகிப்திய பாப்பிரஸ் சுருள்களிலிருந்து மொழிபெயர்த்ததாக ஸ்மித் சொன்ன நூல் அது. விலையேறப்பெற்ற முத்துவில் ஒரு பகுதி. அந்தச் சுருள்களின் துண்டுகள் 1967இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்தன. எகிப்திய மொழி அறிஞர்கள் படித்துப் பார்த்தால், அது இறந்தவருடன் புதைக்கும் ஈமச் சடங்கு ஏடு. ஆபிரகாம் பெயரே அதில் இல்லை. கிடைத்த துண்டுகளில் உள்ளது ஸ்மித்தின் மொழிபெயர்ப்போடு பொருந்தவில்லை என்பதை 2014இல் சபையே தனது கட்டுரையில் ஒப்புக்கொண்டது. காணாமல்போன பகுதிகளில் அது இருந்திருக்கலாம், அல்லது சுருள் ஒரு தூண்டுதலாக மட்டும் இருந்திருக்கலாம் என்று அது விளக்கம் சொல்கிறது.

கிறிஸ்தவர்கள் இங்கே அடிக்கடி செய்யும் ஒரு தவறும் உண்டு. வெளிப்படுத்தல் 22:18இல் இந்தப் புத்தகத்தோடு எதையும் சேர்க்கக் கூடாது என்று இருக்கிறதே, கதை முடிஞ்சுது என்பார்கள். அந்த வசனம் வெளிப்படுத்தல் என்ற ஒரு புத்தகத்தைப் பற்றியது. இதே மாதிரி எச்சரிக்கை உபாகமம் 4:2இலும் இருக்கிறது, அதற்குப் பிறகும் பைபிளில் பல புத்தகங்கள் வந்தனவே என்று மார்மன்கள் சரியாகவே திருப்பிக் கேட்பார்கள். வலுவான வசனம் வேறு. வானத்திலிருந்து ஒரு தூதனே வந்து வேறு சுவிசேஷம் சொன்னாலும் ஏற்காதே என்று கலாத்தியர் 1:8இல் பவுல் எழுதுகிறார். தூதன் வந்தானா இல்லையா என்பது கேள்வியே இல்லை. கொண்டுவந்த செய்தி அதுவேதானா என்பதுதான் கேள்வி.

4. மீட்பு: இலவசமா, உழைப்பா?

கிருபையினால் விசுவாசத்தைக் கொண்டு மீட்பு, அது செயல்களால் வந்தது இல்லை என்கிறது எபேசியர் 2:8-9. மார்மன் புத்தகத்தில் 2 நேபி 25:23, நம்மால் ஆனதை எல்லாம் செய்த பிறகு கிருபையால் இரட்சிக்கப்படுகிறோம் என்ற பொருளில் பேசுகிறது. வரிசை மாறுகிறது. ஒன்றில் கிருபை முதலில். மற்றதில் முயற்சி முதலில்.

ஆனால் இதை மட்டும் வைத்து அவசரப்படக் கூடாது. செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு 2ஆம் அதிகாரம் சொல்கிறது. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட்களுக்கும் நடுவிலேயே இது நூற்றாண்டுக் கணக்கான விவாதம். நேபி வசனத்தை, நாம் என்ன செய்தாலும் கடைசியில் கிருபைதான் என்று வாசிக்கும் மார்மன்களும் இன்று இருக்கிறார்கள்.

உண்மையான தூரம் மீட்பின் முடிவில் தெரிகிறது. மார்மன் போதனையில் சூரியன், சந்திரன், நட்சத்திரம் போல மூன்று மகிமை நிலைகள் உண்டு. உச்ச நிலையை அடைபவர்கள் தெய்வங்களாவார்கள் என்று 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' 132ஆம் பகுதி சொல்கிறது. மனிதன் கடவுளின் தன்மையில் பங்கு பெறுவான் என்ற பேச்சு பழைய கிறிஸ்தவ மரபிலும், குறிப்பாகக் கிழக்கத்திய சபைகளில் உண்டுதான். ஆனால் அங்கே படைத்தவர் படைத்தவராகவே இருப்பார், மனிதன் மனிதனாகவே இருந்து அருளில் பங்கு பெறுவான். மார்மன் போதனையில் கடவுளும் மனிதனும் ஒரே இனம், படிநிலைதான் வேறு.

5. இறந்தவருக்கு ஞானஸ்நானம், மறுமையிலும் கல்யாணம்

மார்மன் ஆலயம் என்பது ஞாயிறு ஆராதனை நடக்கும் இடம் இல்லை. அதற்கு வேறு கட்டடங்கள் இருக்கின்றன. இறந்துபோன முன்னோருக்காக உயிரோடு இருப்பவர் ஞானஸ்நானம் பெறுவது, தம்பதியை நித்தியத்துக்கும் இணைப்பது போன்ற சடங்குகள் ஆலயத்தில்தான் நடக்கும். உலகம் முழுக்கப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை மார்மன்கள் தேடிச் சேகரிப்பதற்கும் இதுதான் காரணம்.

இறந்தோருக்கான ஞானஸ்நானத்துக்கு அவர்கள் காட்டுவது 1 கொரிந்தியர் 15:29. பவுல் அங்கே அப்படிச் செய்பவர்களைப் பற்றிப் பேசுவது உண்மை. ஆனால் செய்யச் சொல்லவில்லை. உயிர்த்தெழுதல் இல்லை என்றால் அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று வாதத்துக்கு எடுத்துக்காட்டுகிறார். ஒரே ஒரு வசனம், அதன் பொருளிலும் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அதன் மேல் ஒரு பெரிய சடங்கு முறையைக் கட்ட முடியாது என்பது கிறிஸ்தவர்களின் நிலை. நித்தியக் கல்யாணத்துக்கு மத்தேயு 22:30 போதும் என்கிறார்கள். உயிர்த்தெழுந்தவர்கள் பெண் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்று இயேசுவே சொல்கிறார்.

6. சபை இடையில் காணாமல் போனதா?

அப்போஸ்தலர்கள் இறந்தபின் உண்மையான அதிகாரம் பூமியிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது, ஜோசப் ஸ்மித் மூலம்தான் அது திரும்ப வந்தது. மார்மன் நம்பிக்கையின் அஸ்திவாரம் இது. மார்மனாக மாறும் எந்தக் கிறிஸ்தவருக்கும் அவர்கள் மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதும் இதனால்தான். அதாவது, வத்திக்கான் 2001இல் சொன்னதை மார்மன் சபை மற்ற சபைகளைப் பார்த்து ஆரம்பம் முதலே சொல்லிவருகிறது. மறுப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது.

பாதாளத்தின் வாசல்கள் தன் சபையை வெல்லாது என்று மத்தேயு 16:18இல் இயேசு வாக்கு கொடுத்தார். இடையில் 1,700 வருடம் சபையே இல்லாமல் போயிருந்தால் அந்த வாக்கு என்ன ஆனது? தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. கி.பி. 52இல் புனித தோமையார் வந்தார் என்று தலைமுறைகளாக நம்புகிறவர்கள் அவர்கள். தாத்தா பாட்டி செபித்த ஜெபம், வாங்கிய நற்கருணை எல்லாமே அதிகாரம் இல்லாத சடங்கு என்று ஏற்க வேண்டியிருக்கும்.

ஏலாக்குறிச்சி சொல்லும் பாடம்

கிறிஸ்தவர்களுக்குள் 'உன் போதனை வேதத்துக்கு ஒத்துவரலை' என்ற விவாதம் அரியலூர் மண்ணுக்குப் புதிதில்லை. திருமானூர் பக்கம், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் இருக்கும் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆலயத்தை உருவாக்கியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த ஜோசப் பெஸ்கிதான் அவர். தேம்பாவணி எழுதிய அதே கையால் 'வேத விளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்று மறுப்பு நூல்களும் எழுதினார். இலக்கு, தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் மிஷனரிகள். 1706இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டிருந்தார். அவர்கள் போதனையை மட்டுமல்ல, தமிழ் நடையையும் வீரமாமுனிவர் விட்டுவைக்கவில்லை. இரு தரப்பும் விட்டுக்கொடுக்காத சண்டை அது.

இன்றைய நிலை என்ன? கும்பகோணம் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட ஏலாக்குறிச்சிக் கத்தோலிக்கரும், தரங்கம்பாடி லுத்தரன் மரபினரும் ஒருவர் ஞானஸ்நானத்தை ஒருவர் பொதுவாக ஏற்கிறார்கள். சண்டையின் மையமாக இருந்த 'மீட்பு கிருபையாலா, செயலாலா' என்ற விஷயத்திலேயே 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வத்திக்கானும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன.

அது முடிந்தது, மார்மன்களோடு ஏன் முடியவில்லை? சண்டை போட்டாலும் வீரமாமுனிவரும் சீகன்பால்கும் ஒரே கடவுளைப் பற்றித்தான் பேசினார்கள். நைசியா அறிக்கையை இருவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். வழி பற்றித்தான் தகராறு. மார்மன் விஷயத்தில் கடவுள் யார் என்பதிலேயே தகராறு. குரல் எவ்வளவு உயர்ந்தது என்பதை வைத்து வித்தியாசத்தின் அளவைச் சொல்ல முடியாது. மார்மன்களோடு நடக்கும் பேச்சு பெரும்பாலும் மென்மையானது, ஆனால் இடைவெளி பெரியது.

நடைமுறையில் என்ன ஆகும்?

ஒரு கத்தோலிக்கப் பெண், லுத்தரன் அல்லது சிஎஸ்ஐ பையனைக் கோயிலில் திருமணம் செய்ய ஆயரின் அனுமதி தேவை. மாப்பிள்ளை மார்மன் என்றால் அந்த அனுமதி போதாது. திருச்சபைச் சட்டப்படி அவர் ஞானஸ்நானம் பெறாதவர். அதனால் இந்து, முஸ்லிம் மாப்பிள்ளைக்கு வாங்குவது போன்ற விதிவிலக்கு வாங்க வேண்டும். அது இல்லாமல் நடந்தால் திருமணம் சபை முன் செல்லாது. மார்மனாக வளர்ந்தவர் கத்தோலிக்கராக விரும்பினால், புதிதாக ஞானஸ்நானம் பெற வேண்டும். மார்மன் பக்கமும் சிக்கல் உண்டு. ஆலயத்தில் நடக்கும் மார்மன் திருமணத்துக்குள் உறுப்பினர் அல்லாத பெற்றோர்கூட நுழைய முடியாது.

கதவைத் தட்டினால் என்ன கேட்கலாம்?

வாசலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் வீட்டை விட்டு வந்து சொந்தச் செலவில் ஊழியம் செய்யும் இளைஞர். விரட்டத் தேவையில்லை. மறைக்கிறார், ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டவும் தேவையில்லை. அவர் 'பிதா', 'இரட்சிப்பு', 'பரலோகம்' என்று சொல்லும்போது தனக்குத் தெரிந்த அர்த்தத்தில்தான் சொல்கிறார். கேட்பவர் தனக்குத் தெரிந்த அர்த்தத்தில் புரிந்துகொள்கிறார். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அதனால் வசனத்துக்கு வசனம் மோதுவதைவிட, வார்த்தைக்கு அர்த்தம் கேட்பது பயனுள்ளது.

• பிதா எப்போதுமே கடவுளாக இருந்தாரா?
• இயேசு படைக்கப்பட்டவரா, படைத்தவரா?
• பைபிளும் உங்கள் மற்ற நூலும் முரண்பட்டால் எதை ஏற்பீர்கள்?
• நான் ஏற்கெனவே பெற்ற ஞானஸ்நானம் உங்கள் சபையில் செல்லுமா?

நான்காவது கேள்விக்கு வரும் பதில் 'செல்லாது' என்பதாகத்தான் இருக்கும். 'நாங்களும் கிறிஸ்தவர்கள்தான், பெரிய வித்தியாசம் இல்லை' என்று தொடங்கிய பேச்சு அந்த இடத்தில் நிற்கும். ஏன் செல்லாது என்று அடுத்து கேட்டால், பேச வேண்டிய விஷயம் தானாக மேசைக்கு வந்துவிடும்.